20,000 எம்ஏஎச் பவர் பேங்க் நான்கு முறை சார்ஜ் தருமா?

20,000 எம்ஏஎச் பவர் பேங்க் 5,000 எம்ஏஎச் போனை நான்கு முறை முழுதாக ஏற்ற வேண்டும், இரண்டரை முறையோடு நின்றால் அது போலி என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் பகிர்வதால் சொல்கிறேன்: அந்த வகுத்தல் கணக்கு இங்கே பொருந்தாது.

20,000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்பது உள்ளே இருக்கும் பேட்டரி செல்களின் கொள்ளளவு. அவற்றின் மின்னழுத்தம் சுமார் 3.7 வோல்ட், பெருக்கினால் 74,000 மில்லிவாட்-மணி, அதாவது 74 வாட்-மணி ஆற்றல். போனுக்குப் போகும்போது அதை 5 வோல்ட் அல்லது அதற்கு மேல் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். அங்கே கொஞ்சம் வீணாகிறது. போன் தன் பேட்டரிக்கு ஏற்ப மறுபடி இறக்கிக்கொள்ளும்போது இன்னும் கொஞ்சம். சார்ஜ் ஏறும்போது இரண்டுமே கையில் சூடாக இருக்கிறதே, வீணாய்ப் போன மின்சாரம் அதுதான். அதனால் இரண்டரை, மூன்று முறை என்பது நல்ல பவர் பேங்க்குக்கே இயல்பு.

சந்தேகம் இருந்தால் உங்கள் பவர் பேங்க்கைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். ‘ரேட்டட் கெப்பாசிட்டி’ (வெளியே தரக்கூடிய அளவு) என்று தனியாக ஓர் எண் இருக்கும். 20,000 மாடல்களில் அது பெரும்பாலும் 12,000 சொச்சம், பக்கத்திலேயே 5 வோல்ட் என்றும் போட்டிருக்கும். போனோடு ஒப்பிட வேண்டிய எண் அதுதான். அந்த எண்ணே அச்சிடப்படவில்லை என்றால் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. இன்னும் துல்லியமாகப் பார்க்க, பவர் பேங்க்குக்கும் போனுக்கும் நடுவில் ஒரு யூஎஸ்பி மீட்டரை (போகும் மின்சாரத்தை அளக்கும் சிறு கருவி) செருகி, முழு சார்ஜிலிருந்து தீரும் வரை எத்தனை வாட்-மணி வெளியே வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.