என்ன சைஸ்மா?

பெரியம்மா செத்த அன்னிக்கு ராத்திரி, தண்டையார்பேட்டையில ஒரு பிளெக்ஸ் கடையில நின்னுக்கிட்டிருந்தேன். கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் வேணும். 71 வயசு வாழ்ந்தவங்க, தனியா ஒரு போட்டோ கிடையாது. ஆதார்லயும் ரேஷன் கார்டுலயும் இருக்கிறது அவங்கதானான்னு எங்களுக்கே சந்தேகம். கடைசியில தம்பி கல்யாண ஆல்பத்துல மூணாவது வரிசையிலேர்ந்து தலையை மட்டும் வெட்டி எடுத்தோம். பக்கத்துல நின்ன சித்தியோட காதும் ஒட்டிக்கிட்டே வந்துச்சு. கடைப் பையன் அதை அழிச்சிட்டு, கம்ப்யூட்டர்ல ரெடியா வச்சிருந்த பச்சைப் பட்டுப்புடவை உடம்பு ஒண்ணைக் கழுத்துக்குக் கீழ பொருத்தினான். பெரியம்மா கடைசிவரைக்கும் வாயில்னு சொல்ற மெல்லிசு துணிப் புடவைதான் கட்டுவாங்க.

போட்டோ எடுத்துக்க மாட்டேன்னு அவங்க சொன்னதே இல்ல. "டை அடிச்சிட்டு எடுக்கலாம்", "பல்லு கட்டிட்டு எடுக்கலாம்", அவ்வளவுதான். (ஆயா வேற ரகம். போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு கேமராவைக் கண்டாலே முந்தானையை இழுத்துக்கும்.)

பொம்பளைங்களுக்கு அழகு பத்தின கவலைன்னு சிரிக்கிறாங்க. எனக்கு அது பாதிதான் சரின்னு படுது. 2017ல ஸ்மார்ட் ரேஷன் கார்டு வந்தப்போ குடும்பத் தலைவி படம்னு கேட்டாங்க. மறுபேச்சு பேசாம பெரியம்மா போய் உக்காந்தாங்களே, அன்னிக்கு யாரு டை தேடினா? சர்க்கார் கேட்டா காரணம் இருக்கு. தனக்காகன்னா காரணம் இல்ல.

எங்க பக்கத்து வீடுங்கள்ல பீரோவைத் திறந்து பாருங்க. அந்த வீட்டுப் பொம்பளையோட படம், பெரிய மனுஷி ஆனப்போ ஒண்ணு, சீமந்தத்துக்கு ஒண்ணு இருக்கும். ஜடை முழுக்கப் பூ தச்சு, அது தெரியணும்னு பின்னாடி கண்ணாடி வச்சு ஸ்டூடியோவுல எடுத்தது. கழுத்தைத் திருப்பிப் பிடிச்சு, இமை கொட்டாம நிப்பா. பாக்குறவங்க எல்லாரும் "யாரு பூ தச்சது?"ன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் ஆல்பத்துல அவ வர்றதெல்லாம் குழந்தையைத் தூக்கிப் பிடிச்ச கையா மட்டும்தான்.

காசிமேட்டுல ஞாயித்துக்கிழமை விடியக்காலம் போய்ப் பாருங்க, பெரிய லென்ஸோட பசங்க மீன்காரம்மாங்களைச் சுத்தி நிப்பாங்க. அந்தப் படம் அவங்க வீட்டுச் சுவத்துக்கு வந்து நான் பார்த்ததில்ல.

சரி, என் கதைக்கு வர்றேன். வயசு 46. போன மாசம் எம்.சி. ரோட்டுக்கு ஜாக்கெட் துணி வாங்கப் போனவ, பெரியம்மா ஞாபகத்துல ஒரு ஸ்டூடியோவுக்குள்ள நுழைஞ்சிட்டேன். நல்ல புடவைதான், தலையும் பரவாயில்ல. கல்லாவுல இருந்தவர் நிமிராமலே, "என்ன சைஸ்மா? பாஸ்போர்ட்டா, ஸ்டாம்பா?"ன்னாரு. சும்மா எனக்குன்னு ஒண்ணு, பெருசான்னு சொல்லணும். வாய் வரைக்கும் வந்துச்சு. பின்னாடி காலேஜ் பசங்க ரெண்டு பேர் வேற நிக்கிறாங்க.

"பாஸ்போர்ட்டு"ன்னேன்.

எட்டு காப்பி. வீட்டுக்காரர் கவரைப் பார்த்துட்டு, "எந்த அப்ளிகேஷனுக்கு?"ன்னு கேட்டாரு.