பூச்சிக்குச் சிலை வைத்த ஊரும் ஒரு வாட்ஸப் கதையும்

அந்த வாட்ஸப் கதை மறுபடியும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இந்த வாரம் மட்டும் எனக்கு மூன்று குழுக்களில் வந்தது. அமெரிக்காவில் ஓர் ஊரில் பருத்தியை வண்டு அழித்ததாம், மக்கள் மனம் தளராமல் நிலக்கடலை போட்டுப் பணக்காரர்கள் ஆனார்களாம், நன்றிக்கடனாக அந்த வண்டுக்கே சிலை வைத்தார்களாம். கடைசியில் சூரிய உதயப் படம், 'சோதனையைச் சாதனையாக்கு'.

ஊர் நிஜம்தான், சிலையும் நிஜம்தான். அலபாமாவின் தென்கிழக்கு மூலையில், காஃபி கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) இருக்கும் என்டர்பிரைஸ். ஃப்ளோரிடா கடற்கரைக்குக் காரில் போகும் வழியில் ஒருமுறை இறங்கிப் பார்த்திருக்கிறேன். கடைத்தெரு நடுவே, நாலு பக்கமும் வண்டிகள் சுற்றிப் போகிற இடத்தில், கிரேக்க உடுப்பில் ஒரு பெண் இரண்டு கைகளாலும் வண்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருக்கிறாள். அம்மன் கையில் சூலம் மாதிரி அத்தனை பவ்யம்.

நான் கரிசல்காட்டுக்காரன். பருத்தியில் சப்பை, அதாவது பூமொட்டு, கொட்டினால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று தெரியும். இந்தக் கூன்வண்டு நம் ஊர்க் காய்ப்புழு இல்லை, வேறு ஜாதி. கால் அங்குல நீளம்தான் இருக்கும். மூக்கு மாதிரி நீண்டிருக்கும் வாயால் சப்பையில் துளை போட்டு உள்ளே முட்டை வைத்துவிடும். புழு உள்ளேயே இருந்து தின்னும், சப்பை மஞ்சளாகி உதிரும். மருந்தடித்தாலும் உள்ளே இருப்பதைத் தொட முடியாது. 1892 வாக்கில் மெக்ஸிகோவிலிருந்து டெக்ஸாஸுக்குள் நுழைந்து, கிழக்கே ஊர் ஊராக நகர்ந்து, 1915-ல் காஃபி கவுண்டிக்கு வந்தது.

சரி, வண்டு வரும் வரை இவர்கள் ஏன் கடலை போடவில்லை? துணிச்சல் இல்லாமலா? வாட்ஸப் கதை தொடாத இடம் இதுதான். உழுதவர்களில் பலருக்குச் சொந்த நிலம் கிடையாது. கறுப்பரும் ஏழை வெள்ளையருமாக, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கோ குத்தகைக்கோ உழுதார்கள். விதை, உரம், சாப்பாட்டுச் சோளமாவு எல்லாம் கடைக்காரரிடம் கடன். அந்தக் கடனுக்கு ஈடு, இன்னும் முளைக்காத பருத்தி. எந்த மழைக்கும் விலை போகிற சரக்கு அதுதான் என்று கடன் கொடுப்பவர் நினைத்தார். 'பருத்தி போடுகிறாயா, கடன். இல்லையா, வேறு இடம் பார்' என்பதுதான் கணக்கு. மண் செத்துக்கொண்டிருக்கிறது, கடலையும் பயறும் மாற்றிப் போடுங்கள் என்று அதே மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊரில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அடிமையாகப் பிறந்து விஞ்ஞானி ஆனவர். கடலையைச் சமைக்க 105 வழிகள் சொல்லி 1916-ல் ஒரு சிறு வெளியீடே போட்டார். கேட்க வேண்டியவன் கையில் முடிவு இல்லை.

வண்டு வந்து கடன் கொடுத்தவரின் கணக்கையே கெடுத்தது. அப்புறம்தான் 1916-ல் எச். எம். செஷன்ஸ் என்ற வியாபாரி கடலை விதையோடு வந்து, கடனில் மூழ்கிக்கிடந்த சி. டபிள்யூ. பாஸ்டன் என்ற விவசாயியோடு பேசி முடித்தார். விதை செஷன்ஸுடையது, விளைந்ததை வாங்கிக்கொள்ளும் பொறுப்பும் அவருடையது. அந்த ஒரே போகத்தில் பாஸ்டனின் கடன் அடைந்தது. அடுத்த வருடம் நாட்டிலேயே அதிகக் கடலை விளைந்த கவுண்டி காஃபிதான். மன உறுதி இல்லாமலா இதெல்லாம் நடக்கும், இருந்தது. ஆனால் விளைந்ததை வாங்குகிறேன் என்று முன்கூட்டியே ஒருவர் சொன்னதுதான் பெரிது. அதை விட்டுவிட்டுக் கதை சொல்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருகிறது.

அதே வண்டால் பிழைப்பு போய், மூட்டை கட்டிக்கொண்டு வடக்கே சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ரயிலேறிய கறுப்புக் குடும்பங்கள் தென்மாநிலங்கள் முழுக்க ஏராளம். வண்டு மட்டுமே காரணம் இல்லை, இனவெறியும் துரத்தியது. எப்படியானாலும், அவர்கள் யாரும் வண்டுக்கு நன்றி சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிலை திறந்தது 1919 டிசம்பர் 11. போன் ஃப்ளெமிங் என்ற உள்ளூர் வியாபாரியின் யோசனை அது. கார்வரையும் அழைத்திருந்தார்களாம், மழையில் ரயில் பாதை அரித்துப்போனதால் வர முடியவில்லை என்று சொல்வார்கள். வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குச் சிலையில் வண்டே இல்லை. அந்தப் பெண் ஏந்தியிருந்தது ஒரு நீரூற்றை. 1949-ல் லூதர் பேக்கர் என்பவர், வண்டுச் சிலையில் வண்டு வேண்டாமா என்று ஒன்றைச் செய்து ஏற்றினார். அதன்பிறகு விஷமிகள் அதைத் திருடுவதும் ஊர் மறுபடி வைப்பதுமாகப் போனது. 1998-ல் பெண்ணின் கைகளையே உடைத்துவிட்டார்கள். இப்போது தெருவில் நிற்பது நகல். உடைந்த அசல் பழைய ரயில் நிலையத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஊர்க்காரர்களுக்குக் குசும்பு அதிகம். அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பேட்ரிக் திருநாளுக்கு உலகத்திலேயே சிறிய ஊர்வலம் எங்களுடையது என்கிறார்கள். ஊர்வலத்தில் மொத்தம் ஒரே ஆள். கொடியோடு சிலை வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்புவார், வேடிக்கை பார்க்கும் கூட்டம்தான் பெரிது. இதே ஊரில்தான் 2007 மார்ச் 1-ம் தேதி சூறாவளி உயர்நிலைப் பள்ளி மேல் இறங்கி 8 மாணவர்கள் இறந்தார்கள். அந்தச் சோகத்தை மட்டும் யாரும் ஊக்கக் கதையாக்கி எனக்கு அனுப்பவில்லை, நல்லவேளை.

இன்னொன்றையும் விட்டுவிடுகிறார்கள். அந்த வண்டை அலபாமா அப்படியே விட்டுவைக்கவில்லை. அரசும் விவசாயிகளும் சேர்ந்து பணம் போட்டு, வயல் வயலாகப் பொறி வைத்து, 1990-களில் ஒழித்தே விட்டார்கள். பருத்தி மறுபடி வந்துவிட்டது. நான் போனபோது சாலையின் ஒரு பக்கம் கடலை, எதிர்ப்பக்கம் பருத்தி. ஊருக்கு வெளியே ஒரு பெரியவர் பெரிய அண்டாவில் பச்சைக் கடலையைத் தோலோடு உப்புப் போட்டு வேகவைத்து விற்றுக்கொண்டிருந்தார். அச்சு அசல் நம் ஊர் அவித்த கடலை, உப்பு மட்டும் இரண்டு மடங்கு. இந்த வருடம் எது லாபம் என்று கேட்டேன். சிரித்தார். "அதை பேங்க்கில் கேளுங்கள்" என்றார்.