தேடியதே கொஞ்சம்தான்

"வேற்றுக்கிரகத்தில் உயிர் இருந்தால் இந்நேரம் தெரிந்திருக்காதா?" என்று யாராவது கேட்டால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். 1950-ல் அமெரிக்காவின் லாஸ் அலமாசில் மதியச் சாப்பாட்டின்போது இயற்பியலாளர் என்ரிக்கோ ஃபெர்மி கேட்டதும் ஏறக்குறைய இதுதான்: எல்லோரும் எங்கே? கேள்வி நல்ல கேள்வி. ஆனால் வீடு முழுக்கத் தேடிவிட்டோம் என்ற நினைப்பில் அதைக் கேட்கிறோம். நாமோ இன்னும் வாசற்படியில்தான் நிற்கிறோம்.

1960-ல் வானியலாளர் ஃபிராங்க் டிரேக், வேற்றுக்கிரகத்தார் அனுப்பும் ரேடியோ அலை ஏதாவது கேட்கிறதா என்று ரேடியோ தொலைநோக்கியைத் திருப்பியது இரண்டே நட்சத்திரங்களை நோக்கி. அதற்குப் பிறகு எவ்வளவோ தேடியாயிற்று, சரி. ஆனால் 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தேட வேண்டிய பரப்பு பூமியின் மொத்தக் கடல்நீர் என்றால், அதுவரை தேடியது ஒரு பெரிய குளியல் தொட்டி அளவு தண்ணீர்தானாம்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது தூரம் அல்ல, காலம். பூமியில் உயிர் தோன்றிக் குறைந்தது 350 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் பெரும்பகுதி நுண்ணுயிர்களின் காலம். நாம் ரேடியோ அலை அனுப்பத் தொடங்கி நூற்றுச் சொச்சம் ஆண்டுகள்தான். அந்த 350 கோடியை ஒரே நாளாகச் சுருக்கினால், நம் ரேடியோ காலம் ஒரு நொடியில் சுமார் முந்நூறில் ஒரு பங்கு. அந்தக் கண்ணிமைப்புக்கு முன்னால் யாராவது நம் பக்கம் காது வைத்துக் கேட்டிருந்தால், இங்கே ஒன்றுமில்லை என்றுதான் எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்போதும் இந்தக் கடல்கள் முழுக்க உயிர் இருந்தது! அப்படிப்பட்ட ஊமை உலகங்கள்தான் அண்டத்தில் அதிகம் இருக்கும் என்பது என் நம்பிக்கை.

அந்த மாதிரி உயிரைக் கண்டுபிடிக்க ரேடியோ உதவாது. நேரில் போக வேண்டும், அல்லது கோளின் காற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1976-ல் செவ்வாயில் இறங்கிய வைக்கிங் கலங்கள் மண்ணில் உயிரைத் தேடின. ஒரு சோதனை சாதகமாக வந்தது, ஆனால் மண்ணின் வேதியியலே அப்படிக் காட்டியிருக்கலாம் என்று பெரும்பாலோர் ஒதுக்கிவிட்டார்கள். அப்புறம் அங்கே எத்தனையோ ஊர்திகள் இறங்கியும், நுண்ணுயிர் இப்போது உயிரோடு இருக்கிறதா என்று அதுபோல நேரடியாகச் சோதித்தது எதுவுமில்லை. வியாழனின் யூரோப்பா நிலவில் பனிக்கு அடியில் கடல் இருப்பதற்கு வலுவான தடயங்கள் உண்டு. 2024-ல் கிளம்பிய யூரோப்பா கிளிப்பர் விண்கலம் 2030-ல்தான் வியாழனை அடையும். அதுவும் உயிரைத் தேட அல்ல, உயிர் வாழத் தோதான இடமா என்று பார்க்கத்தான்.