மேட்ச் முடிவதற்குள் பேப்பர் வண்டி கிளம்பினால் நான் என்ன செய்வது?

நேற்றுக் காலை ஆறே முக்காலுக்கு ஊரிலிருந்து மாமா போன். நான் படுத்ததே மூன்று மணிக்கு. எடுத்ததும், "என்ன மாப்ள, யார் ஜெயிச்சான்னுகூடப் போடாம என்ன பேப்பர் அடிக்கிறீங்க? டீக்கடையில எல்லாரும் என்னையக் கேக்குறாங்க" என்கிறார். அவர் மேல் கோபமில்லை, ஆனால் இதே கேள்வியை ஏஜென்ட் கேட்கிறார், வாசகர் கேட்கிறார், மறுநாள் மீட்டிங்கில் எங்கள் ஆபீசில் இருப்பவர்களே கேட்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் வயிறு எரிகிறது. பதினாறு வருஷமாக ஒரு நாளிதழின் விளையாட்டு டெஸ்க்கில் இருக்கிறேன். "இச்செய்தி அச்சுக்குப் போகும்போது ஆட்டம் நடந்துகொண்டிருந்தது" என்று எழுதுகிற ஒவ்வொரு முறையும் எனக்குக் கை கூசுகிறது. சோம்பேறித்தனத்தில் யாரும் அந்த வரியை எழுதுவதில்லை.

மாமா ஊருக்குப் போவது டாக் எடிஷன், அதாவது தூரத்து ஊர்களுக்காக முதலில் அடிக்கிற பதிப்பு. அதன் விளையாட்டுப் பக்கத்தை ராத்திரி 10.40-க்கு நாங்கள் விட்டால்தான் அச்சுக்கான பிளேட் போட்டு, மெஷின் ஓட்டி, கட்டுக் கட்டி, வண்டி ஏற்றி, விடியற்காலையில் அவர் ஊர் பஸ் ஸ்டாண்டில் இறக்க முடியும். பத்து நிமிஷம் பிந்தினால் பேப்பர் போடும் பையன்கள் சைக்கிளோடு காத்திருப்பார்கள், அப்புறம் அந்த லைனில் அன்றைக்கு விற்பனை போச்சு. சரி, ஐபிஎல் ஆட்டம் எத்தனை மணிக்கு முடிய வேண்டும்? ராத்திரி 7.30-க்குத் தொடக்கம், ஒரு இன்னிங்ஸுக்கு 90 நிமிஷம், நடுவில் 20 நிமிஷ இடைவேளை, ஆக 10.50. அதாவது எல்லாம் ஒழுங்காக நடந்தாலே எங்கள் பக்கம் போய்ப் பத்து நிமிஷம் கழித்துத்தான் முடியும்! அது எங்கே ஒழுங்காக நடக்கிறது? ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் கேப்டன் நடந்து வந்து பவுலரிடம் பேசுகிறார், 2023-லிருந்து வைடுக்கும் நோ-பாலுக்கும்கூட ரிவியூ கேட்கலாம், பனியில் நனைந்த பந்தைத் துடைத்துத் துடைத்தே பாதி ராத்திரி போகிறது. தாமதமானால் மிச்ச ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே ஒரு ஃபீல்டர் குறைவு என்று தண்டனை இருக்கிறது, அப்படியும் எத்தனையோ நாள் பதினொன்றேகாலைத் தாண்டித்தான் முடிகிறது. 2019 வரை எட்டு மணிக்குத் தொடங்கியதை அரை மணி முன்னால் கொண்டுவந்தபோது அவ்வளவு சந்தோஷப்பட்டேன். அந்த அரை மணியையும் மைதானத்திலேயே தின்றுவிட்டார்கள்.

ஆட்டம் கடைசி நேரத்தில் தலைகீழாவதைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. அதற்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். 2018 மார்ச்சில் கொழும்பில் வங்கதேசத்தோடு இறுதிப் போட்டி, நம்ம தினேஷ் கார்த்திக் உள்ளே வரும்போது இரண்டு ஓவரில் 34 ரன் வேண்டும். பக்கத்தில் தோல்வித் தலைப்பு தயாராக இருந்தது. எட்டே பந்தில் 29 அடித்து, கடைசிப் பந்தில் 5 ரன் வேண்டியபோது சிக்ஸர் வைத்தார் மனுஷன். மொத்த டெஸ்க்கும் எழுந்து நின்று கத்தியது, கத்திய கையோடு உட்கார்ந்து, கட்டிய பக்கத்தைப் பிரித்து மறுபடி கட்டினோம். அந்த ராத்திரிக்கு நான் கூலியே கேட்க மாட்டேன்.

கோபம் வருவது, "கடைசி வார்த்தையைத்தானே மாற்றணும்?" என்று மேலிடத்திலிருந்து சொல்கிறார்களே, அப்போதுதான். தமிழில் வினை கடைசியில் வருகிறதாம், 'தோற்றது' என்பதை 'வென்றது' என்று மாற்றினால் போதுமாம். 2024 ஜூன் 29-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டி20 உலகக் கோப்பை இறுதிப் போட்டி. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன் வேண்டும், கையில் ஆறு விக்கெட், கிளாசன் வெளுத்துக்கொண்டிருக்கிறார். எந்த டெஸ்க்காக இருந்தாலும் 'தென்னாப்பிரிக்காவின் முதல் கோப்பை' என்றுதான் பக்கம் கட்டும், நாங்களும் கட்டினோம். கிளாசன் படம் நாலு காலத்துக்கு, அந்த நாட்டின் பழைய அரையிறுதித் தோல்விகளைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தி, முதல் பக்கத்தில் அதற்கொரு குறிப்பு. அப்புறம் பும்ரா, பாண்டியா, அர்ஷ்தீப், எல்லைக் கோட்டில் சூர்யகுமாரின் அந்த கேட்ச், 7 ரன்னில் இந்தியா ஜெயித்துவிட்டது. இதில் நான் எந்த வார்த்தையை மாற்றுவது? படம், பெட்டி, தலைப்பு, முகப்பு வரி எல்லாமே குப்பைக்குப் போனது. புதிதாகக் கட்டி முடிக்கும்போது கோலி மைக்கைப் பிடித்து இதுதான் என் கடைசி டி20 என்கிறார். அதையும் சேர்த்தோம். கொஞ்ச நேரத்தில் செய்தியாளர் சந்திப்பில் ரோஹித்தும் அதையே சொல்கிறார்! பிளேட் ரூமிலிருந்து ஒருத்தர் வாசலில் வந்து நிற்கிறார், இன்னொரு பக்கம் இணையதளத்துக்கு மூன்று நிமிஷத்தில் தனிச் செய்தி வேண்டும் என்கிறார்கள், இரண்டையும் அடிக்கிற கை ஒன்றுதான், என்னுடையது.

ஒரே ராத்திரியில் இரண்டு ஆட்டம் இப்படிப் போன நாளும் உண்டு. 2019 ஜூலை 14. லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதிப் போட்டி டை, சூப்பர் ஓவரும் டை, கடைசியில் பவுண்டரிகளை எண்ணி 26-க்கு 17 என்று இங்கிலாந்துக்குக் கோப்பை. அதே நேரத்தில் விம்பிள்டனில் ஃபெடரரும் ஜோகோவிச்சும் ஐந்தாவது செட்டில் 12-12. அப்போது டெஸ்க்கில் நாலு பேர் இருந்தோம், சமாளித்தோம். இன்றைக்கு அப்படி ஒரு ராத்திரி வந்தால்? இப்போது இரண்டே பேர்.

இதற்கெல்லாம் உச்சம் 2023 ஐபிஎல் இறுதிப் போட்டி. மே 28 மழையில் போய், 29-ஆம் தேதி அகமதாபாத்தில் ஆட்டம். நம்ம ஊர்ப் பையன் சாய் சுதர்சன் குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடிக்க, 214 ரன். சென்னை மூன்றே பந்து ஆடியதும் திரும்ப மழை. டாக் வண்டி கிளம்பிவிட்டது. 12.10-க்கு ஆட்டம் மறுபடி தொடங்கியது, இலக்கு 15 ஓவரில் 171 என்று மாறியது, நான் எழுதி வைத்த கணக்கெல்லாம் வீண். அம்பத்தி ராயுடுவின் கடைசி ஆட்டம், தோனி முதல் பந்திலேயே அவுட், கடைசி இரண்டு பந்தில் 10 ரன், ஜடேஜா சிக்ஸர், ஃபோர். மணி ஒன்றரை வாக்கில் ஆகிவிட்டது. சிட்டி எடிஷனில் மட்டும் முதல் பக்கத்தைப் பிரித்துப் போட முடிந்தது. மாமா ஊருக்குப் போனது மழைப் படம்.

மைதானத்தில் நேரம் போடுகிறவர்கள் டிவியைப் பார்த்துப் போடுகிறார்கள், ஆபீசில் நேரம் போடுகிறவர்கள் லாரி வாடகையைப் பார்த்துப் போடுகிறார்கள். சீசன் ஆரம்பிக்கும் முன்னால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், அட்டவணையை மேஜையில் விரித்து வைத்து, ஆட்டம் உள்ள நாளில் மட்டும் விளையாட்டுப் பக்கத்துக்கு முக்கால் மணி கூட்டித் தருகிறோம், தூரத்து ஊர்களுக்கு ஒரு வண்டியைப் பின்னால் அனுப்புகிறோம் என்று முடிவெடுக்க முடியாதா? மூன்று வருஷமாகக் கேட்கிறேன். போன திங்கட்கிழமை நோட்டீஸ் போர்டில் பதில் ஒட்டியிருந்தார்கள். டாக் பக்கம் இனி 10.40 இல்லை, 10.20.