எங்கள் பிள்ளைகளின் நெஞ்சுச் சளியும் புதிய மரபணு மருந்தும்

இலங்கையின் மலையகத்தில் பிள்ளை இருமினால் முதலில் பனியைக் குறை சொல்வோம், அப்புறம் அடுப்புப் புகையை. இரண்டும் உண்மைதான். தோட்டத்து லயத்துக் காம்பராவில் ஈர விறகு புகையும்போது பெரியவர்களுக்கே கண் திறக்க முடியாது. அதற்கு வேண்டியது புகைபோக்கியும் நல்ல அடுப்பும். ஆனால் பனியும் புகையும் காரணமில்லாத பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

திரும்பத் திரும்ப நிமோனியா வரும். எவ்வளவு ஊட்டினாலும் எடை ஏறாது. மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போகும். கன்னத்தில் முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும். இவையெல்லாம் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயின் அடையாளங்களாக இருக்கலாம். சிஎஃப்டிஆர் என்ற மரபணு பழுதாகி, சளி பசைபோல் இறுகி, கிருமிகள் நெஞ்சிலேயே தங்கிவிடும் நோய் இது. வெள்ளைக்காரருக்கு வருவது என்ற நினைப்பில், நம் பக்கத்தில் வீசிங், காசநோய் என்ற பெயர்களோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

அந்த மரபணுவை 1989இல் கண்டுபிடித்தார்கள். 2019இல் அமெரிக்காவில் டிரைகாஃப்டா என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. அது அந்த மரபணு உருவாக்கும் பழுதான புரதத்தைச் சரிசெய்து வேலை வாங்கும் மருந்து. புரதமே உருவாகாதவர்களுக்கு அதனால் பயனில்லை. அது முதன்மையாகக் குறிவைக்கும் மரபணுப் பிழை ஐரோப்பியரிடம் மிக அதிகம், தெற்காசியரிடம் அந்தப் பங்கு குறைவு. இன்னும் ஆய்வில் இருக்கும் எம்ஆர்என்ஏ மருந்தின் மேல் எனக்கு ஆசை இருப்பதற்குக் காரணம் இதுதான். கோவிட் ஊசியாக நம்மில் பலர் போட்டுக்கொண்ட அதே தொழில்நுட்பம். பிழை எதுவாக இருந்தாலும், சரியான புரதத்தைச் செய்யும் குறிப்பையே உயிரணுவுக்குக் கொடுத்துவிடலாம்.

சிக்கல் அந்தக் குறிப்பு, அதாவது எம்ஆர்என்ஏ, நுரையீரலுக்குப் போய்ச் சேர்வதில்தான். கொழுப்பு நுண்துளிகளில் அடைத்து நரம்பில் ஏற்றினால், இரத்தத்திலுள்ள ஒரு புரதம் அவற்றில் ஒட்டிக்கொள்ள, கல்லீரல் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளும். 2020இல் டெக்சஸ் ஆய்வாளர் டேனியல் சீக்வார்ட்டின் குழு, நேர்மின்னேற்றம் உள்ள ஒரு கொழுப்பைக் கூடுதலாகச் சேர்த்து, எலிகளில் அத்துளிகளை நுரையீரலுக்குத் திருப்பிக் காட்டியது. பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் இரத்தத்தின் வழியே போவது முதலில் சந்திப்பது இரத்தக்குழாய்ச் சுவரை. சளி இறுகுவதோ மூச்சுக்குழாயின் உட்பக்கத்தில்.

மூச்சு வழியே கொடுப்பதுதான் நமக்கு ஏற்றது என்பது என் உறுதியான எண்ணம். அதிலும் தடைகள் உண்டு. ஆவியாக்கும்போது துளிகள் உடையலாம், இறுகிய சளியே வழியை மறிக்கும். நெபுலைசர் வைக்கும்போது பார்த்திருப்பீர்கள்: பிள்ளை அழுது முகத்தைத் திருப்பும், புகைபோல வரும் மருந்து மாஸ்க்கின் ஓரமாகக் கன்னத்தைத் தடவிக்கொண்டு போய்விடும். வீசிங்குக்கு வைக்கும் சல்பியூட்டமோல் என்றால் இன்னொரு முறை வைக்கலாம். விலை உயர்ந்த மருந்தை அப்படி வீணாக்க முடியாது. அதனால் சிறு பிள்ளைகளின் முகத்துக்கும் மூச்சுக்கும் பொருந்தும் கருவியையும் மருந்தோடு சேர்த்தே உருவாக்க வேண்டும்.

எம்ஆர்என்ஏ சில நாட்களில் சிதைந்துவிடும், ஆகவே மருந்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் நரம்பில் ஏற்ற டவுனுக்கு இறங்கினால் அம்மாவுக்கு அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வைக்கக்கூடிய மருந்தாக இருந்தால்தான் எங்கள் பிள்ளைக்குத் தொடர்ந்து கிடைக்கும்.

மருந்து வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்று உண்டு. வியர்வையில் உப்பை அளக்கும் பரிசோதனை மலையக மாவட்ட வைத்தியசாலைகளில் எளிதாகக் கிடைக்க வேண்டும் என்று தொழிற்சங்கங்களும் பிரதேச சபை உறுப்பினர்களும் கேட்க வேண்டும். மேலே சொன்ன அடையாளங்கள் உங்கள் பிள்ளைக்கு இருந்தால், அடுத்த கிளினிக்கில் உப்புக் கரிப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.