ஒரு 'க்' படுத்தும் பாடு

காலை 6.10-க்கு ஒரு மெயில், எங்கள் குழுவின் ஆல்பத்தை விநியோகிக்கும் நிறுவனத்திடமிருந்து. கவரில் உள்ள தலைப்பும் படிவத்தில் உள்ள தலைப்பும் ஒத்துப்போகவில்லை, திருத்தி மறுபடி அனுப்பவும். அவ்வளவுதான், வணக்கம்கூட இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நான்கு முறை பார்த்தேன். ஒரே பெயர்தான். ஐந்தாவது முறை கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தபோது தெரிந்தது. ஒரு 'க்'.

ஆல்பத்துக்குப் பெயர் சொல்லுங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. கேட்காதவர்கள் போன பிறவியில் ஏதோ புண்ணியம் செய்தவர்கள்.

2016-இல் பிரிட்டனில் ஓர் ஆய்வுக் கப்பலுக்கு இப்படித்தான் ஊரைக் கூட்டிப் பெயர் கேட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கி ஜெயித்த பெயர் 'போட்டி மெக்போட்ஃபேஸ்', நம் ஊரில் 'படகுமூஞ்சிப் படகப்பன்' என்பது மாதிரி ஒரு கேலிப்பெயர். அவர்கள் பிழைக்கத் தெரிந்தவர்கள். கப்பலுக்கு இயற்கை ஆவணப்படங்களால் புகழ்பெற்ற டேவிட் அட்டன்பரோவின் பெயரை வைத்துவிட்டு, ஜெயித்த பெயரை ஒரு சின்ன நீர்மூழ்கிக் கருவிக்குச் சூட்டிக் கணக்கை முடித்தார்கள். எங்களிடம் நீர்மூழ்கி ஏது? எட்டுப் பாட்டும் இரவல் வாங்கிய ஒரு மைக்கும்தான் சொத்து.

யோசனை எங்கள் பாடகனுடையது. "ரசிகர்களும் இதில் ஒரு பங்கு என்று உணரட்டும்" என்றான். உணர்ந்தார்கள். மூன்று நாளில் 412 பெயர். எல்லாவற்றையும் படித்துத் தொகுக்கிற பொறுப்பு எனக்கு. பேஸ் கிட்டார் வாசிப்பவனுக்கு வேறு வேலை இருக்காது என்பது எங்கள் குழுவில் எழுதப்படாத சட்டம்.

அந்த 412-ல் 'பெயரிடாதது', 'பெயரிலி', 'தலைப்பு இல்லை' வகையறா மட்டும் 38. ஒவ்வொருவரும் உலகத்திலேயே தனக்குத்தான் முதலில் தோன்றியது என்ற பூரிப்போடு அனுப்பியிருந்தார்கள். ஒருவர் தன் முன்னாள் காதலியின் பெயரை அனுப்பி, "இதை வைத்தால் அவள் கேட்பாள், நீங்கள் நன்றாக இருப்பீர்கள்" என்று வாழ்த்தியிருந்தார். ஒருவர் வெறும் பொம்மை முகங்களாக ஏழு அனுப்பினார், அதை யார் எப்படி உச்சரிப்பது? இன்னொருவர், லெட் செப்பலின் என்ற ராக் குழு 1971-இல் நான்கு குறிகளை மட்டும் போட்டு ஆல்பம் விடவில்லையா, நீங்களும் தைரியமாக விடுங்கள் என்றார். ஐயா, அவர்கள் பெயர் வைக்காமல் விட்டதும் உலகமே அதை 'நான்கு' என்று கூப்பிட்டது. பீட்டில்ஸ் 1968-இல் வெள்ளை அட்டையில் குழுவின் பெயரை மட்டும் போட்டார்கள், அதையும் உலகம் 'வெள்ளை ஆல்பம்' ஆக்கிவிட்டது. நாங்கள் பெயரில்லாமல் விட்டால் யாரும் எப்படியும் கூப்பிட மாட்டார்கள். வித்தியாசம் அங்கேதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் இரண்டாவது பாட்டில் 1 நிமிடம் 14-ஆவது நொடியில் ஒரு கதவு கிரீச்சிடும். பதிவு செய்த அறையின் கதவு. தாழ்ப்பாள் கெட்டுப்போய், எவ்வளவு சாத்தினாலும் தானாகத் திறந்துகொள்ளும். மிக்ஸிங்கில் எடுக்கப் பார்த்தோம், கூடவே குரலும் போனது. அப்படியே விட்டுவிட்டோம். முன்னோட்டத் துண்டைக் கேட்ட ஒரு ரசிகர் அந்தச் சத்தத்தைப் பிடித்துவிட்டார். அதை வைத்தே ஒரு பெயர் அனுப்பினார். அருமையான பெயர், அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. அவர் எழுதியிருந்தது: 'மூடாதக் கதவு'.

ஓட்டுக்கு விடும்போது அந்த 'க்'கை நான் சத்தமில்லாமல் எடுத்துவிட்டேன். தட்டச்சுப் பிழை, பாவம், எதற்கு நாலு பேர் முன்னால் சொல்லிக்கொண்டு என்று. பெருந்தன்மையாம். 'மூடாத கதவு' ஜெயித்தது. அறிவித்த இரண்டாவது நிமிடம் அவர் வந்தார்.

"அண்ணா, என் பெயரில் ஒரு எழுத்தைக் காணோம்."

பொறுமையாக விளக்கினேன். 'மூடாத' என்பது பெயரெச்சம், அதற்குப் பின்னால் வல்லினம் மிகாது தம்பி. 'பாடாத பாட்டு' என்கிறோம், 'பாடாதப் பாட்டு' என்கிறோமா?

"நான் சொல்வேன் அண்ணா."

இதற்கு என்ன பதில் சொல்வது? இலக்கணத்தால் வளைக்க முடியாத மனிதர். இதற்குள் மூன்றாவது ஒருவர் நுழைந்து, இரண்டு பேர் சொல்வதும் சப்பை, 'மூடாக் கதவு' என்பதுதான் கம்பீரம், அது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அங்கே வல்லினம் மிகும் என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எரிச்சல். நள்ளிரவுக்குள் மூன்று கட்சி. 'க்' வேண்டும் கட்சி, வேண்டாம் கட்சி, 'த' போகட்டும் 'க்' இருக்கட்டும் கட்சி. இரண்டு வருடம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த எட்டுப் பாட்டைப் பற்றி ஒருத்தர், ஒரே ஒருத்தர்கூட, வாயைத் திறக்கவில்லை.

தம்பி அடுத்த அஸ்திரத்தை எடுத்தார். "அண்ணா, அந்த 'க்' பிழை இல்லை. அது கதவைத் தட்டும் சத்தம்."

நான் விடுவேனா? "மூடாத கதவை எவனப்பா தட்டுவான்?"

பதினோரு நிமிடம். தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார் என்று மூன்று புள்ளிகள் வரும், போகும், மறுபடி வரும். பாட்டின் நீளமே நான்கு நிமிடம்தான். ஜெயித்துவிட்டேன் என்று நிம்மதியாகப் படுக்கப் போன நேரத்தில் வந்தது பதில்:

"அதுதான் அண்ணா சோகம்."

இதற்கு 214 பேர் இதயம் போட்டார்கள். எங்கள் பாட்டுக்கு இதுவரை அவ்வளவு விழுந்ததில்லை.

அதோடு முடிந்ததா? எழுத்தை மாற்றினால் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்வேன், காப்பிரைட் என்னுடையது என்றார். தலைப்புக்கும் பெயருக்கும் காப்பிரைட் தருவதில்லை என்று அமெரிக்கக் காப்பிரைட் அலுவலகமே எழுதி வைத்திருக்கிறது என்று எடுத்துக் காட்டினேன். "சட்டம் பேசுகிறீர்கள், நான் மனசு பேசுகிறேன்" என்றார். அவர் எங்களுக்குப் பாட்டு எழுத வந்திருக்கலாம்.

எங்கள் டிரம்மர் இத்தனைக்கும் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு தடவை, "அந்த 'க்' ரிம்ஷாட் மாதிரி நல்லாத்தானே இருக்கு" என்றான். ரிம்ஷாட் என்றால் டிரம்மின் விளிம்போடு சேர்த்து அடிக்கிற 'டக்'. நான் அதை ஒரு கருத்து என்று நினைத்தேன். அது வாக்குமூலம் என்று இன்று காலைதான் தெரிந்தது. விநியோகப் படிவத்தை நிரப்பியவன் அவன். கவரில் 'மூடாத கதவு'. படிவத்தில் 'மூடாதக் கதவு'. கேட்டால், "ஓ, நீ அதை எடுத்துட்டியா?" என்கிறான். மூன்று நாள் ரத்தம் கக்கியிருக்கிறேன், ஓ-வாம்.

இனி திருத்தி அனுப்பி, அவர்கள் மறுபடி சரிபார்த்து, அப்புறம்தான் கடைகளுக்குப் போகும். வெளியாவதற்கு ஏழு நாளாவது முன்னால் ஸ்பாட்டிஃபையில் பாட்டை முன்மொழிந்தால்தான் பின்தொடர்கிறவர்களின் புதுப்பாட்டுப் பட்டியலில் நாம் கேட்ட பாட்டு விழும். எண்ணிப் பார்த்தேன். மிச்சம் ஒன்பது நாள்.

கவர் வரைந்தவரை அழைத்து, எது வேண்டுமோ அதை நீங்களே முடிவு செய்யுங்கள், எனக்குத் தெம்பில்லை என்றேன். அவர் அரை மணி நேரத்தில் ஒரு மாதிரி அனுப்பினார். கதவுப் படத்தின் மேல் அந்தப் பிழையான 'க்'. அதன் புள்ளிதான் கதவின் கைப்பிடி.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு அழகு. எழுத்தைத் தேய்த்துவிட்டால் கதவுக்குக் கைப்பிடியே இல்லை. தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். பக்கத்து அறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன், வெளியான அன்று அவரே பார்த்து ஆடட்டும். 'மூடாக் கதவு' கட்சிக்காரரை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

இருக்கட்டும், போன மாத ஒத்திகையில் என் கேபிளை எடுத்துப் போனது யார்? ஆறு மீட்டர், ஒரு முனையில் டேப் சுற்றியிருக்கும். குழுவில் நீங்கள் நால்வரும் தெரியாது என்கிறீர்கள். நீலக் கேபிள். ஆமாம், இங்கே 'க்' வரும்.