முதல் தடவைக்கு அப்புறம்

மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, வீண் சந்தேகம் என்று படுத்தும் மனநோய், ஸ்கிசோஃப்ரினியா) ஒருமுறை வந்தால் அந்த ஆளின் வாழ்க்கை அவ்வளவுதான் என்பதுபோல் உங்கள் கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். ஏற்க முடியலைங்க. 1980களின் தொடக்கத்தில் சென்னையில் முதன்முறை நோய் வந்து சிகிச்சைக்கு வந்த 90 பேரை மனநல மருத்துவர் தாரா குழுவினர் 25 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்தார்கள். 10 ஆண்டு கழித்துப் பார்த்தபோது பெரும்பாலோர் தேறியிருந்தார்கள். வேலை, கல்யாணம் எல்லாம் நடந்திருந்தது. தற்கொலையில் போனவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டும் என் சித்தப்பா மகனுக்கு இந்த நோய் வந்தபோது பல மாதம் மந்திரிப்பு, தாயத்து என்றே போய்விட்டது. சிகிச்சை தள்ளிப்போகப் போகத் தேறுவது கடினம் என்று அப்போது வீட்டில் யாருக்கும் தெரியாது. பிறகு மாத்திரை தொடங்கியதும் நன்றாகத்தான் இருந்தான். பெண் வீட்டார் வந்த அன்று சித்தி மாத்திரை அட்டையை மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். கல்யாணம் முடிந்ததும், "இனி எதுக்குக் கண்ணு இந்தக் கருமம்?" என்று நிறுத்தியே விட்டார்கள். சில மாதத்தில் திரும்ப வந்தது, இந்த முறை மீள ரொம்ப நாளானது.

இப்போது பகல் ஷிப்ட் மட்டும். ராத்தூக்கம் கெட்டால் ஆகாது. ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போவது மாமனார்தான் (பயந்த மாதிரி அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை).

மாத்திரையால் எடை கூடுவதைப் பற்றியும் ஒரு வரி எழுதியிருக்கலாம். பலர் நிறுத்துவதற்கு அதுவும் காரணம்; டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்ப்பார்கள். தயங்குபவர்களுக்கு 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.